துளசிக்கு, பின் அக்சில் பற்றி

ஸ்காபரோ
செப்ரெம்பர் 18

அன்புள்ள துளசிக்கு,

போன கிழமை உன் அம்மா வந்து இரண்டு நாள் நின்றுவிட்டுப் போனா. கதைத்ததில் பாதி உன்னுடைய பிக்கப்பைப் பற்றித்தான். பனிக்காலத்தில் நீ அதை ஓட்டப்போவதை நினைத்து அவவுக்கு நித்திரை இல்லை. நீ கேட்ட விசயத்தைத் தொலைபேசியில் சொன்னால் கணக்கெல்லாம் காதோடு போய்விடும். எழுத்தில் இருந்தால் கராஜ் சுவரில் ஒட்டிவைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துச் செய்யலாம். அதனால்தான் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

4.10 கியரும் டெட்ரொயிட் லொக்கரும் வாங்கட்டுமோ என்று கேட்டாய். இரண்டும் வேண்டாம், பிள்ளை. உன் 95 ஆம் ஆண்டு எஃப்-150க்கு 3.55 போதும். டிபரன்ஷலுக்கு ஃபோர்ட் தொழிற்சாலையிலேயே போட்ட ட்ராக்-லொக் போதும். இரண்டையும் புதிதாக வாங்கவும் தேவையில்லை. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று தெரிந்தால்தான் நாளைக்கு வேறு யாராவது வந்து வேறு கதை சொல்லும்போது உனக்குக் குழப்பம் வராது.

ரயரில் இருந்து தொடங்குவோம். அக்சில் கியரை எல்லாரும் முதலில் யோசிக்கிறார்கள், ரயரைக் கடைசியில். அது தலைகீழ். கியர் விகிதம் என்பது ரயரின் உயரத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய எண். உன் வண்டி தொழிற்சாலையை விட்டு வரும்போது 235/75R15 ரயரில் நின்றிருக்கும். அதன் உயரம் ஏறக்குறைய 28.9 அங்குலம். முன்பு வைத்திருந்தவர் பார்வைக்காக 31 அங்குல ரயர் மாட்டிவிட்டார். அக்சிலில் இருப்பதோ 3.08. அந்த எண்ணே நெடுஞ்சாலையில் எண்ணெய் மிச்சம் பிடிக்கப் போட்ட எண். அதன்மேல் பெரிய ரயரையும் ஏற்றினால், எஞ்சினுக்குத் தெரிவது 2.87 போட்ட வண்டி மாதிரித்தான். படகை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறும்போது அது மூச்சு வாங்குவதற்குக் காரணம் எஞ்சின் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 31 அங்குல ரயர் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி 2.47 மீற்றர் போகும். மணிக்கு 100 கிலோமீற்றர் என்றால் நிமிடத்துக்கு 1,667 மீற்றர். ஆகவே சில்லு நிமிடத்துக்கு 674 தரம் சுற்ற வேண்டும். அதை அக்சில் விகிதத்தால் பெருக்கி, பிறகு கியர்பெட்டியின் விகிதத்தால் பெருக்கினால் எஞ்சின் சுற்று வரும். உன்னுடைய ஐந்து கியர் மானுவல் பெட்டியில் நாலாவது கியர் நேர் ஒன்று, ஐந்தாவது 0.80. இப்போது ஐந்தாவதில் 100இல் போனால் எஞ்சின் 1,660 சுற்று. நாலாவதில் 2,075.

படகோடு வரும்போது ஐந்தாவது கியரைத் தொடுவதே இல்லை, நாலாவதிலேயே ஓட்டுகிறேன் என்று நீ சொன்னது நினைவிருக்கிறதா? நீ கணக்குப் போடாமலே சரியான விடையைக் கண்டுபிடித்திருக்கிறாய். உன் வண்டியில் உள்ள 4.9 லீற்றர் ஆறு சிலிண்டர் எஞ்சின் 1965 இலிருந்து 1996 வரை ஃபோர்ட் செய்த எஞ்சின். அதன் இழுவை விசை உச்சத்தைத் தொடுவது 2,000 சுற்று வாக்கில். அதற்கு மேலே விரட்ட விரட்டச் சத்தம்தான் கூடும், இழுவை கூடாது. கீழே, 1,600இல் வைத்துச் சுமையைக் கொடுத்தால் திணறும். அந்த எஞ்சினுக்கு 2,000ஐச் சுற்றித்தான் வாழ்க்கை.

இனி ரயரைப் பழைய 235க்கு மாற்றிவிட்டுக் கணக்கைப் பார். 100 கிலோமீற்றரில் சில்லு 723 தரம் சுற்றும். 3.55 அக்சிலோடு ஐந்தாவது கியரில் எஞ்சின் 2,053. இப்போது நாலாவதில் கிடைக்கிற அதே சுற்று, அப்போது ஐந்தாவதில் கிடைக்கும். உனக்கு ஒரு கியர் திரும்பக் கிடைத்த மாதிரி. தரையில் விழுகிற இழுவையும் இப்போதையதை விட ஏறக்குறைய 24 வீதம் கூடும். அதில் 15 வீதம் கியரால், மிச்சம் ரயரால்.

4.10 போட்டால்? அதே வேகத்தில் 2,370. நெடுஞ்சாலை 400இல் எல்லாரும் ஓடுகிற 115இல் 2,700ஐத் தாண்டும். சட்பரியிலிருந்து இங்கே 400 கிலோமீற்றர் அந்தச் சத்தத்தோடு வந்து பார். முதலாவது கியர் அவ்வளவு குட்டையாகிவிடும், நகரத்துக்குள் வண்டி அசைந்தவுடனேயே இரண்டாவதுக்குத் தட்ட வேண்டியிருக்கும். 4.10 கெட்ட கியர் என்று சொல்லவில்லை. 33 அங்குல ரயரும் பாரமான ட்ரெய்லரும் உள்ளவனுக்கு அது சரி. 31ஐத்தான் வைத்திருப்பேன் என்று நீ பிடிவாதம் பிடித்தாலும் 3.73 போதும், 100இல் 2,010 சுற்று வரும். ஆனால் உன் ரயர்கள் தேய்ந்துவிட்டன என்று நீயே சொல்கிறாய். எப்படியும் வாங்கத்தான் வேண்டும். அதே றிம்மில் 235 சரியாக உட்காரும். நல்ல பனிக்கால ரயராக வாங்கு. பனியை வெட்டி இறங்கித் தரையைப் பிடிப்பதில் ஒடுக்கமான ரயர் அகலமானதை விட நல்லது. இதில் செலவழிக்கிற காசு டிபரன்ஷலில் செலவழிக்கிற காசை விட உன்னைக் கூடக் காப்பாற்றும். இதை நான் எந்தக் கூட்டத்தில் நின்றும் சொல்வேன்.

இன்னொன்று. 92 முதல் 96 வரை வந்த எஃப்-150இல் வேகமானி கணக்கெடுப்பது பின் அக்சிலுக்குள் இருந்து. டிபரன்ஷல் கூட்டில் 108 பல் உள்ள ஒரு வளையம் இருக்கிறது. அக்சிலின் மேலே குத்தி நிற்கிற சென்சர் அதைப் பார்த்து வேகத்தையும் சொல்கிறது, பின் ஏபிஎஸ் பிரேக்குக்கும் தகவல் கொடுக்கிறது. வளையம் சில்லின் பக்கம் சுற்றுவதால் கியர் விகிதத்தை மாற்றினாலும் வேகமானி பிழைக்காது. ரயர் உயரத்தை மாற்றினால் மட்டும் பிழைக்கும். இப்போது உன் முள் 100 காட்டும்போது நீ உண்மையில் 107இல் போகிறாய். 235 மாட்டினால் அதுவும் தானாகச் சரியாகிவிடும்.

இனி டிபரன்ஷல்.

உன் அக்சிலில் இருப்பது வெறும் திறந்த டிபரன்ஷல் என்று நினைக்கிறேன். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கிற தாளில் அக்சில் என்ற தலைப்பின் கீழே உள்ள குறியீட்டைப் பார். 18 என்றால் திறந்த 3.08. 19 என்றால் திறந்த 3.55. எச்9 என்றால் 3.55, லிமிடெட் ஸ்லிப்போடு, அதாவது ட்ராக்-லொக்கோடு. அந்த எச்9ஐ நினைவில் வை, கீழே வருகிறேன். தாளை மட்டும் நம்பாதே. முப்பது வருசத்தில் யாராவது அக்சிலை மாற்றியிருக்கலாம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி முன் சில்லுகளுக்குக் கட்டை வை. கியரை நியூட்ரலில் விட்டு, ஒரு பின் சில்லை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்து. ட்ரைவ் ஷாப்ட்டில் சோக்கால் ஒரு கோடு கீறு. தூக்கிய சில்லைக் கையால் சரியாக இரண்டு சுற்றுச் சுற்று. ஷாப்ட் மூன்று சுற்றும் கொஞ்சமும் சுற்றினால் 3.08. மூன்றரைக்குக் கொஞ்சம் மேலே வந்தால் 3.55.

திறந்த டிபரன்ஷலின் சிக்கல் நீ ராம்சி ஏரியில் படகு ஏற்றும்போது பார்த்ததுதான். பாசி பிடித்த சரிவில் ஒரு சில்லு வழுக்கியவுடன் மற்றது வேலை செய்வதை விட்டுவிடுகிறது. அது இரண்டு பக்கத்துக்கும் எப்போதும் சமமான முறுக்குவிசைதான் கொடுக்கும். வழுக்குகிற சில்லு எவ்வளவு குறைவாக வாங்குகிறதோ, காய்ந்த தரையில் நிற்கிற சில்லுக்கும் அவ்வளவுதான் கிடைக்கும்.

இதைத் தீர்க்க நாலைந்து வழி இருக்கிறது. உனக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன். டெட்ரொயிட் லொக்கர் இரண்டு ஷாப்ட்டையும் பல்லால் பூட்டிவிடும். வளைவில் வெளிச்சில்லு வேகமாக ஓடும்போது மட்டும் ஒரு பக்கம் கழன்று கழன்று சேரும். சேறு, பாறை, காட்டுப்பாதை என்றால் அதற்கு நிகரில்லை. ஆனால் இரண்டு சில்லு உந்தல் மட்டுமுள்ள, பின்பக்கம் வெறுமையாக இருக்கிற பிக்கப்பில், கண்ணாடி மாதிரி உறைந்த ரோட்டில் அதை வைத்து ஓட்டக் கூடாது. வளைவில் கால் எடுக்கும்போது பூட்டுக் கழன்று சேர்கிற அந்த உதறல் போதும், பின்பக்கம் ஒதுங்கிவிடும். சட்பரியில் நாலு மாதம் பனியில் ஓட்டுகிற உனக்கு நான் அதைச் செய்து தரமாட்டேன். யார் செய்து தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்.

இதையும் விளங்கிக்கொள். திறந்த டிபரன்ஷலில் ஒரு சில்லு வழுக்கினாலும் மற்றது உருண்டுகொண்டே இருக்கும். உருளுகிற சில்லு வண்டி பக்கவாட்டில் போகாமல் பிடித்து நிற்கும். பூட்டிய அக்சிலில் இரண்டும் சேர்ந்து வழுக்கும். இரண்டும் வழுக்கினால் பக்கவாட்டில் பிடிக்க ஒன்றுமில்லை. ரோட்டின் சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் பின்பக்கம் இறங்கும். லிமிடெட் ஸ்லிப் எதுவானாலும் பிடிப்பை உண்டாக்காது, இருக்கிற பிடிப்பைப் பங்கிடும். எவ்வளவு முரட்டுத்தனமாகப் பங்கிடுகிறது என்பதுதான் தெரிவு.

ஈட்டனின் ட்ரூட்ராக் மிக நல்ல சாமான். அதில் கிளச் தட்டே இல்லை. சாய்வுப்பல் கியர்கள் ஒன்றையொன்று நெருக்கி, பிடிப்புள்ள பக்கத்துக்குக் கூடுதலாகத் தள்ளும். தேய்கிற தட்டு இல்லாதபடியால் விசேட ஒயில் மருந்தும் வேண்டாம். வழுக்குகிற பக்கம் வாங்குவதைப் பெருக்கி மற்றப் பக்கத்துக்குக் கொடுப்பதுதான் அதன் வேலை. ஆகவே ஒரு சில்லு முழுதாகக் காற்றில் நின்றால் பூச்சியத்தைப் பெருக்கியதாகிவிடும். அப்போது பார்க்கிங் பிரேக்கை மெல்லப் பிடித்துக் கொஞ்சம் சுமை காட்ட வேண்டும். காசு பொருட்டில்லை என்றால் நான் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

ட்ராக்-லொக் பழைய முறை. ஒவ்வொரு ஷாப்ட்டையும் ஓட்டுகிற உள்கியரின் பின்னாலும் கிளச் தட்டுகள் அடுக்கி, நடுவில் எஸ் வடிவ ஸ்பிரிங் ஒன்று அவற்றை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும். அந்த அழுத்தம் இருப்பதால் ஒரு சில்லு பூச்சியத்தில் நின்றாலும் மற்றதுக்குக் கொஞ்சமாவது போகும். அதற்கு மேலே போனால் விட்டுக்கொடுக்கும். படகுச் சரிவுக்கு அது போதும். பனி ரோட்டில் அந்த மென்மைதான் உனக்கு வேண்டும். தட்டுகள் தேயும், அது உண்மை. தேய்ந்து முடிந்தால் சத்தமில்லாமல் திறந்த டிபரன்ஷல் மாதிரி ஆகிவிடும். ஆனால் தட்டுகளை மாற்றலாம். 8.8 அங்குல அக்சில் 1983 இலிருந்து மஸ்ராங், எக்ஸ்புளோரர், ரேஞ்சர், எஃப்-150 என்று ஃபோர்ட் போடாத இடமில்லை. அதனால் தட்டுக் கட்டு எந்த உதிரிப்பாகக் கடையிலும் கிடைக்கும். கூடுதல் தட்டு அடுக்கி இறுக்கமாகக் கட்டுகிற வழக்கம் ஒன்று இருக்கிறது. அது கார்ப் பந்தயத்துக்கு. நீ தொழிற்சாலை அடுக்கிலேயே நில்.

இப்போது ஏன் புதுக் கியர் வாங்க வேண்டாம் என்கிறேன் என்று கேள். கிறவுன் வீலும் பினியனும் பெட்டியில் வருகிற சாமான்தான், ஆனால் அவற்றை இருத்துவது கைவேலை. பழைய 9 அங்குல ஃபோர்ட் அக்சிலில் நடுப்பகுதியைக் கழற்றி மேசையில் வைத்து ஆறுதலாகச் சரிபார்க்கலாம். 8.8இல் எல்லாம் கூட்டுக்குள்ளேயே. பினியன் எவ்வளவு ஆழத்தில் நிற்க வேண்டும் என்பதை மெல்லிய தகடு வைத்துத் தீர்மானிக்க வேண்டும். தகடு பெயாரிங்குக்குக் கீழே. ஒவ்வொரு தடவையும் பெயாரிங்கைப் பிடுங்கி, தகட்டை மாற்றி, திரும்ப அழுத்தி, திரும்பப் பூட்டிப் பார்க்க வேண்டும். பிறகு பினியன் நட்டை முறுக்க, உள்ளே நிற்கிற நசியும் குழாய் நசிந்துகொண்டே வரும். அளவைத் தாண்டி ஒரு இழை முறுக்கிவிட்டால் குழாயை எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். அதற்குப் பிறகு பல்லிடை வெளி. அங்குலத்தின் ஆயிரத்தில் 8 இலிருந்து 15க்குள் நிற்க வேண்டும். கடைசியில் கிறவுன் பல்லில் மஞ்சள் மை பூசிச் சுற்றி, மை எங்கே துடைபடுகிறது என்று பார்ப்பது. பல்லின் நடுவில் முட்டை வடிவில் துடைபட்டால் சரி. உச்சியில் ஏறியிருந்தால் பினியன் இன்னும் உள்ளே போக வேண்டும். அடியில் இறங்கியிருந்தால் வெளியே வர வேண்டும். இதை ஒழுங்காகச் செய்கிறவனுக்கு ஒரு முழுநாள் கூலி கொடுக்க வேண்டும். ஒழுங்கில்லாமல் செய்தவனிடம் கொடுத்தால் 80 கிலோமீற்றரில் ஊளையிடத் தொடங்கும். அந்த ஊளை நிற்காது. புதுக் கியர், ட்ரூட்ராக், பெயாரிங், கூலி எல்லாம் சேர்த்தால் நீ அந்த வண்டிக்குக் கொடுத்த விலையைத் தாண்டும்.

தொழிற்சாலையில் ஒரு தடவை சரியாக இருத்தி, ஒன்றோடொன்று பழகி ஓடிய கியர் இதை விட நல்லது. ஆகவே நீ தேட வேண்டியது முழு அக்சில். வண்டி உடைக்கும் யார்டுகளுக்குத் தொலைபேசி எடுத்து, 92 முதல் 96க்குள் வந்த எஃப்-150, கதவுத் தாளில் எச்9 என்று கேள். அதைவிட முந்திய வருசம் வேண்டாம். வேகமானிச் சென்சர் பொருந்தி வர அந்த வருசங்களே நல்லது. அக்சிலின் பின்மூடி போல்ட் ஒன்றில் சின்னத் தகரத் துண்டு தொங்கும். கம்பித் தூரிகையால் தேய்த்துப் பார். 3L55 என்று நடுவில் அந்த எழுத்தோடு இருந்தால் லிமிடெட் ஸ்லிப். எழுத்து இல்லாமல் 3 55 என்றால் திறந்தது, விட்டுவிடு. உன்னுடையது பின் சில்லு மட்டும் உந்துகிற வண்டி என்பதால் இத்தோடு முடிந்தது. நாலு சில்லு உந்தலாக இருந்தால் முன் அக்சிலிலும் அதே விகிதம் போட வேண்டியிருக்கும், செலவு இரட்டிக்கும்.

யார்டில் காசு கொடுக்க முதல் இதையெல்லாம் பார். அக்சில் நிலத்தில் இருக்கும்போது ஒரு பக்க ஹப்பைக் கையால் சுற்று. மற்றப் பக்கம் அதே திசையில் சுற்றினால் தட்டுகளில் உயிர் இருக்கிறது. எதிர்த் திசையில் சுற்றினால் தேய்ந்துவிட்டது. அதற்காக விட்டுவிடாதே, தட்டை எப்படியும் மாற்றப்போகிறோம், விலையைக் குறைத்துக் கேள். பினியன் முகப்பைப் பிடித்து முன்னும் பின்னும் இழு. அந்தப் போக்கில் துளி அசைவு இருந்தாலும் வேண்டாம். சுற்றுகிற போக்கில் ஒரு சின்னத் தட்டல் இருக்கலாம், அது பல்லிடை வெளி. மூடியைத் திறக்க விட்டால் திற. அடியில் காந்தம் ஒன்று இருக்கும். அதில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது வழக்கம். செதில் செதிலாக உலோகம் இருந்தால் நடையைக் கட்டு. ஒயிலில் பால் நிறம் தெரிந்தால் தண்ணீர் போயிருக்கிறது. அதுவும் வேண்டாம். கடைசியாகக் குழாய் இரண்டையும் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார். ஒன்ராறியோ உப்பு தின்ற இரும்பு மந்தமாகச் சத்தம் போடும். ட்ரைவ் ஷாப்ட் பொருத்துகிற முகப்பின் அளவையும் உன்னுடையதோடு ஒப்பிட்டுப் பார், ஊருக்குக் கொண்டுவந்த பிறகு அளவு மாறினால் வீண் அலைச்சல்.

அக்சில் வீட்டுக்கு வந்ததும் வண்டியில் பூட்ட அவசரப்படாதே. நிலத்தில் கிடக்கும்போதே தட்டை மாற்றிவிடலாம். இதற்குக் கிறவுனையும் பினியனையும் அசைக்கவே தேவையில்லை. நடுப் பின்னைப் பிடித்து நிற்கிற சின்னப் பூட்டு போல்ட் ஒன்று இருக்கிறது. பழைய வண்டிகளில் அது முறிவது வழக்கம், அதனால் முதலில் கொஞ்சம் சூடு காட்டி, மெல்ல அசைத்து அசைத்துக் கழற்ற வேண்டும். புதிய போல்ட் ஒன்று முன்கூட்டியே வாங்கி வை. பின்னை எடுத்த பிறகு இரண்டு அக்சில் ஷாப்ட்டையும் உள்ளே தள்ளினால் சி வடிவக் கிளிப் விழும். ஷாப்ட் வெளியே வந்துவிடும். பெயாரிங் உருளைகள் நேரே ஷாப்ட்டின் மேலேயே ஓடுகின்றன. அந்த இடத்தை நகத்தால் தடவிப் பார். நகம் தடுக்குகிற பள்ளம் இருந்தால் ஷாப்ட்டையும் மாற்ற வேண்டும். வழவழவென்று இருந்தால் பெயாரிங்கும் சீலும் மட்டும் போதும்.

எஸ் ஸ்பிரிங்கைத் தட்டி எடுக்கும்போது முகத்தை நேரே வைக்காதே, கண்ணாடி போடாமல் கிட்டவும் போகாதே. அது பறக்கும். உள்கியர்களைச் சுற்றி வெளியே எடுத்தால் இரண்டு பக்கத் தட்டுக் கட்டும் கையில் வரும். இடது, வலது என்று அட்டையில் எழுதி, எடுத்த ஒழுங்கிலேயே அடுக்கி வை. தகடுகள் அந்தந்தப் பக்கத்துக்கே போக வேண்டும். புதுத் தட்டுகளை உராய்வு மருந்தில் இருபது நிமிசமாவது ஊறவைத்துத்தான் போட வேண்டும். காய்ந்த தட்டைப் போட்டால் முதல் வளைவிலேயே தட்டுக் கடிபட்டுக் கடகடவென்று நடுங்கும். பூட்டி முடிந்து ஒயில் விடும்போது 80W-90 ஒயில் இரண்டரை லீற்றருக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும். அதோடு ஃபோர்டின் எக்ஸ்எல்-3 மருந்து ஒரு போத்தல், 118 மில்லிலீற்றர். வண்டி ஓடத் தொடங்கியதும் வெறும் பார்க்கிங் வெளியில் எட்டு வடிவில் பத்துப் பன்னிரண்டு தடவை மெல்லச் சுற்றி ஓட்டு, மருந்து தட்டுக்குள் இறங்கட்டும்.

பூட்டுவதற்குப் புதிய யூ போல்ட் வாங்கு. பழையது ஒரு தடவை இழுபட்டு உப்பில் கிடந்தது, அதைத் திரும்ப முறுக்கக் கூடாது. பிரேக் குழாய்கள் துருப்பிடித்திருக்கும், அவற்றையும் இப்போதே மாற்றிவிடு. காற்றுப் போகும் சின்னக் குழாய் அடைபடாமல் இருக்கிறதா என்று ஊதிப் பார். அது அடைத்தால் சூடான ஒயில் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும், பிரேக்குக்குள்ளே போகும்.

ஒன்று மட்டும் சத்தியமாகக் கேட்கிறேன். லிமிடெட் ஸ்லிப் போட்ட பிறகு ஒரு பின் சில்லை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு ஒருநாளும் எஞ்சினைக் கியரில் ஓட விடாதே. தரையில் இருக்கிற சில்லுக்கும் விசை போகும். வண்டி ஜாக்கை விட்டுப் பாயும். திறந்த டிபரன்ஷலில் பழகியவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். தூக்கினால் இரண்டையும் தூக்கு, இரண்டுக்கும் ஸ்டாண்ட் வை.

முதல் பனிக்கு முன்பே பிக்கப்பின் பின்பெட்டியில், அக்சிலுக்கு நேர் மேலே, மணல் மூட்டை நாலைந்து போட்டுக் கட்டிவிடு. அவிழ்ந்து ஓடாமல் கட்ட வேண்டும். முதல் தடவை பனியில் ஓட்டும்போது ஆளில்லாத இடத்தில் வேண்டுமென்றே கொஞ்சம் கால் கொடுத்து, பின்பக்கம் எப்படி ஒதுங்குகிறது, காலை எடுத்தால் எப்படித் திரும்பி வருகிறது என்று பழகு. உன் கைக்கு அது தெரிந்துவிட்டால் உன் அம்மாவுக்கு நான் தைரியமாகப் பதில் சொல்லலாம்.

நன்றிநாள் நீண்ட வாரவிடுமுறைக்கு நானும் மாமியும் வருகிறோம். அதற்குள் அக்சிலைக் கண்டுபிடித்து எடுத்து வை. அதைத் தனியாகத் தூக்காதே, யார்டுக்காரரிடமே சொல்லி ஏற்றிவிடச் சொல். தட்டு மாற்றுவதை நீ தொடங்கு, நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். முறுக்கு அளவு காட்டும் ரென்ச், ட்ரைவ் ஷாப்ட் போல்ட்டுக்கு வேண்டிய 12 முனைச் சொக்கெற், பிரேக் குழாய் விரிக்கும் சாமான் எல்லாம் நான் கொண்டுவருவேன். நீ வாங்க வேண்டியது: தட்டுக் கட்டு, பூட்டு போல்ட், இரண்டு பக்க அக்சில் பெயாரிங்கும் சீலும், யூ போல்ட் நாலு, ஒயில், மருந்து, பிரேக் திரவம். ஷாப்ட் வெளியே வந்ததும் அதன் நுனிப் பல்லை எண்ணிப் பார்த்த பிறகுதான் தட்டுக் கட்டு வாங்கு. இந்த வண்டிகளில் 31 பல் இருக்க வேண்டும்.

கதவுத் தாளையும் தகரத் துண்டையும் படம் எடுத்து அனுப்பு. யார்டில் ஏதாவது அகப்பட்டால் காசு கொடுக்க முதல் எனக்கு ஒரு சொல் சொல்லு, எந்த நேரமென்றாலும் எடுக்கலாம்.

அன்புடன்,
மாமா

பி.கு: ரயரை இந்தக் கிழமையே சொல்லி வை. நவம்பரில் எல்லாக் கடையிலும் வரிசை நிற்கும், 15 அங்குல அளவு முதலில் முடிந்துவிடும்.